தன்னிரக்கம் என்றொரு குற்றச்சாட்டு

முனைவர் பட்ட ஆய்வின் கடைசி வருடத்தில் ஒரு சிற்றிதழுக்காக என் முதல் மதிப்புரையை எழுதினேன். ஒரு பெண்ணின் முதல் கவிதைத் தொகுப்பு அது. எழுபது பக்கம் இருக்கும். தூக்கம் வராத இரவுகள், அடுப்படியில் அடக்கிய அழுகை, காரணம் தெரியாமல் படபடக்கும் நெஞ்சு என்று பெரும்பாலான கவிதைகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. "தன்னிரக்கத்தைத் தாண்டாத கவிதைகள்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை முடித்தபோது ஏற்பட்ட திருப்தி இன்றும் நினைவிருக்கிறது. விமர்சகராகிவிட்டேன் என்ற திருப்தி. அந்தக் கவிஞர் இரண்டாவது தொகுப்பு கொண்டுவரவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அப்போது செல்வாக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நிறுத்திய இடத்தில் என் வாக்கியமும் கிடக்கிறது.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் படிக்க எனக்குப் பதினைந்து வருடங்களும் ஒரு நெஞ்சுவலியும் தேவைப்பட்டன.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் காலை, பருவத் தேர்வின் கண்காணிப்புப் பணியில் இருந்தேன். வினாத்தாள் கொடுத்து முடித்து வரிசைகளுக்கிடையில் நடந்துகொண்டிருந்தபோது இடது கை மரத்தது. நெஞ்சை இறுக்கிக் கட்டியதுபோல இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அடுத்து வந்த நினைப்பு: "பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது இப்படியா விழுவது?" மருத்துவமனையில் ஈசிஜி சரியாக இருந்தது, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. பதற்றத்தால் வந்தது என்றார் மருத்துவர். அந்த மாதம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரவிருந்தது. துறையின் ஐந்து வருடக் கோப்புகள் என் மேசையில். வீட்டில் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. இவற்றில் எதுவும் அதிசயம் இல்லை என்பதால் எதையும் நான் கணக்கில் வைத்திருக்கவில்லை. எல்லாரும் செய்வதுதானே.

மாத்திரைகளோடு ஓர் உளவியல் ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர் அந்தப் பெண். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"உங்க ஃபிரெண்டுக்கு இப்படி ஆகியிருந்தா என்ன மேடம் சொல்லியிருப்பீங்க?"

"ரெண்டு நாள் லீவு போடுடி, கோப்பு எங்கேயும் ஓடிப்போயிடாதுன்னு சொல்லியிருப்பேன்."

"உங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. தேர்வறையில், மூச்சு நின்ற அந்த நிமிடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒரே ஒரு சொல்: "நடிக்காதே."

அவர் ஆங்கிலத்தில் செல்ஃப் கம்பேஷன் என்ற சொல்லைச் சொன்னார். தமிழாசிரியையின் பழக்கம், உடனே மனசுக்குள் மொழிபெயர்த்தேன். தன்னிரக்கம் என்று வந்தது. திடுக்கிட்டேன். நான் ஒரு பெண்ணின் மீது குற்றமாகச் சுமத்திய சொல்லை எனக்கு மருந்தாக எழுதிக்கொடுக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பது பிறகு புரிந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஸ்டின் நெஃப் 2003இல் இந்தக் கருத்தாக்கத்தை உளவியல் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். பௌத்தத் தியான மரபிலிருந்து பெற்றதை அளவிடக்கூடிய ஒன்றாக மாற்றி, 26 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். அவர் சொல்வதில் மூன்று கூறுகள் உண்டு. தன்னைத் தீர்ப்பிடுவதற்குப் பதிலாகத் தன்னிடம் கனிவாக இருத்தல். எனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒதுங்காமல், துன்பமும் தோல்வியும் மனிதர் எல்லாருக்கும் உரியவை என்று உணர்தல். வலியை மறுக்காமலும் அதற்குள் மூழ்காமலும், வந்திருப்பது வலி என்று நிதானமாகப் பார்த்தல். மூன்றும் சேர்ந்தால்தான் அது செல்ஃப் கம்பேஷன். நாம் தன்னிரக்கம் என்று ஏளனமாகச் சொல்வதில் இரண்டாவதும் மூன்றாவதும் இருப்பதில்லை. அங்கே "நான்" தனித்துக் கிடக்கிறது. வலி வீடு முழுக்க நிறைந்துவிடுகிறது.

எனவே வேறு சொல் வேண்டும். தற்பரிவு என்று வைத்துக்கொள்கிறேன். "தற்" என்று தொடங்கும் சொற்களில் தற்பெருமை இருக்கிறது, தற்கொலை இருக்கிறது. தற்காப்பும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இதையும் வைக்கலாம்.

ஆனால் சொல்லை மாற்றிவிட்டால் என் மதிப்புரை சரியாகிவிடுமா? அந்தக் கவிதைகளில் இருந்தது தன்னிரக்கம்தான், தற்பரிவு இல்லை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு ஒன்றைக் கேட்டாக வேண்டும். இரங்குவது எப்போதிலிருந்து இலக்கியக் குற்றமானது?

தொல்காப்பிய மரபில் அகத்திணையின் உரிப்பொருள்கள் ஐந்து: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இரங்கல் நெய்தலுக்கு உரியது. அன்பின் ஐந்திணையில் ஒரு திணையையே இரங்குவதற்கென்று ஒதுக்கியிருக்கிறது நம் இலக்கணம். ஐங்குறுநூற்றில் நெய்தல் பாட்டு நூறு. பாடியவர் அம்மூவனார். அவற்றில் பல, பெண்களின் கூற்றுகள். மாணவிகளுக்கு இதை வருடாவருடம் நடத்துகிறேன். ஆண் புலவர் பெண்ணின் குரலில் இரங்கினால் அது திணை. நம் காலத்துப் பெண் தன் குரலிலேயே இரங்கினால் அது தன்னிரக்கம். சில விமர்சகர்கள் கழிவிரக்கம் என்றும் எழுதுவார்கள். கழிந்துபோனதற்கு வருந்துவதைக் குறிக்கும் சொல் அது. நடந்துகொண்டிருப்பதற்கு வருந்துகிறவள் மீது அதை ஏன் போடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பாடம் சொன்னவர்கள் பயன்படுத்தினார்கள், நானும் பயன்படுத்தினேன்.

சங்கப் பாட்டுகளுக்குத் திரும்பியபோது, இத்தனை வருடம் கண்ணெதிரே இருந்த இன்னொன்று தென்பட்டது. பாட்டுகளின் அடியில் துறைக் குறிப்புகள் இருக்குமல்லவா? அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வினை ஒன்று உண்டு: ஆற்றுதல். தலைவி ஆற்றாள். தோழி ஆற்றுவிக்கிறாள். தலைவி, ஆற்றுவேன் என்கிறாள். இன்றைக்கு மன அழுத்தம், பதற்றம் என்று நாம் சொல்கிறவற்றுக்கு அருகில் இருக்கிறது அந்த ஆற்றாமை. குறுந்தொகையின் 28ஆம் பாட்டு, ஔவையார் பாடியது, இதற்கு நல்ல சான்று. ஊர் உறங்குகிறது. ஒருத்திக்கு மட்டும் உறக்கமில்லை. எதிலாவது மோதிக்கொள்ளத் தோன்றுகிறது, எதையாவது சாக்கிட்டுக் கத்தத் தோன்றுகிறது. தன் நோய் அறியாத ஊரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அவள் இதைத் தோழியிடம் சொல்கிறாள் என்பது. கத்தத் தோன்றுகிறது என்று சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறாள். கேட்கிறவள் "நடிக்காதே" என்று சொல்ல மாட்டாள்.

இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினைக்கு எடுத்துக்காட்டாகத் திருந்து, திருத்து என்றும் அடங்கு, அடக்கு என்றும் சொல்வோம். ஆறு, ஆற்று என்பதும் அதே வகைதான். பால் ஆறியது, பாலை ஆற்றினாள். புண் ஆறும். ஆறுதலும் ஆற்றலும் இந்தச் சொற்களிலிருந்து பிறந்தவை. சூட்டைத் தணிப்பதும் தாங்குவதும் வல்லமையும் தமிழில் ஒரே குடும்பம். அடங்கு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, ஆற்று என்ற வினையைத் தன்மீதே செய்துகொள்ள முடியும் என்பது செய்திதான். தோழி செய்ததைத் தனக்குத் தானே செய்துகொள்வது. ஆலோசகர் கேட்ட கேள்வியும் அதுதான்.

தோழி இல்லாத நேரத்துக்கும் மரபில் இடமுண்டு. திருக்குறளின் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல். பத்துக் குறளிலும் ஒரு பெண் தன் நெஞ்சோடு பேசுகிறாள். என் நோய்க்கு ஒரு மருந்து யோசித்துச் சொல்ல மாட்டாயா என்று கேட்கிறாள். வராதவனுக்காக வருந்துவது பேதைமை என்று கடிந்துகொள்கிறாள். கடிந்துகொள்ளும் அதே குறளில் நெஞ்சை வாழ்த்தவும் செய்கிறாள். அந்த வாழ்த்தை இகழ்ச்சி என்றும் படிக்கலாம். வலிக்குப்பின் படித்தபோது எனக்கு அது இகழ்ச்சியாகத் தோன்றவில்லை. பைத்தியமே, நன்றாயிரு என்று கூடப்பிறந்தவளைச் சொல்வோமே, அப்படி இருந்தது. தவறைத் தவறென்று சொல்லிக்கொண்டே தன்னைக் கைவிடாமல் இருப்பதற்கு இதைவிடச் சின்ன எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அப்படியானால் எனக்குள் "நடிக்காதே" என்று சொன்னது யார்?

அம்பையின் "அம்மா ஒரு கொலை செய்தாள்" கதையை முதுகலை மாணவிகளோடு வருடாவருடம் படிக்கிறேன். கறுப்பான ஒரு சிறுமி. அம்மா ஊரில் இல்லாதபோது அவள் பூப்பெய்துகிறாள். சுற்றிலும் பேச்சுகள், சடங்குகள், பயம். அம்மா வந்து நல்ல சொல் சொல்வாள், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா திரும்புகிறாள். போன இடத்தில் ஒரு பெண்ணை, கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வேதனையோடு வந்தவள் மகளைப் பார்த்துச் சொல்வது, இதற்கு இப்போது என்ன அவசரம் என்கிற பொருளில் சில சொற்கள்தான். கொலை என்று கதையின் தலைப்பு சொல்வது அதைத்தான்.

பல வருடங்கள் இதைச் சிறுமியின் கதையாகவே நடத்தினேன். இப்போது அம்மாவின் கதையாகவும் நடத்துகிறேன். அந்தச் சொற்கள் அம்மாவின் சொந்தச் சொற்கள் இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வந்தவை. அவளுக்குள் ஏறி, அவள் வாய்வழி மகளுக்குள் இறங்குகின்றன. கதை முடிந்தபின் அந்தச் சிறுமி தன் உடம்போடு எந்தக் குரலில் பேசுவாள் என்று யோசித்துப் பாருங்கள். உளவியலில் தன்மீதான கண்டனம் என்று சொல்வதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் குணக்கேடு அல்ல. என் அம்மாவும் காய்ச்சலோடு சமைத்தவள். படுத்தால் "நடிப்பு" என்று சொல்லும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவளும் முதலில் அதைத்தான் கேட்டாள். பிறகு ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குள் அவள் கை தங்கவில்லை, அவள் கேள்வி தங்கிவிட்டது. தற்பரிவு என்பது எனக்கு, அந்தக் கையையும் நினைவுக்குக் கொண்டுவருவது.

நெஃப் சொல்லும் இரண்டாவது கூறு, துன்பத்தின் பொதுமை, இதை எனக்குக் கற்பித்தது பாமாவின் "கருக்கு". கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற காலத்தில் எழுதி 1992இல் வெளிவந்த புத்தகம். தன் கதையைச் சொல்ல வந்தவர் முதலில் ஊரைச் சொல்கிறார். மலைகளைச் சொல்கிறார், எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறார். தனக்கு நேர்ந்த அவமானத்தைத் தன் குறையாகப் பார்க்காமல், சாதி தன் மக்களுக்குச் செய்ததாகப் பார்ப்பதால் அந்தப் புத்தகம் எழுதியவரையும் தாங்குகிறது, படிப்பவரையும் தாங்குகிறது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துன்பம் எல்லா மனிதருக்கும் பொது என்று உளவியல் சொல்லும்போது, அது சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதுபோல ஒரு தோற்றம் வருகிறது. "கருக்கு" அந்தத் தோற்றத்தை அனுமதிப்பதில்லை.

தற்பரிவின் மீது எனக்கிருக்கும் சந்தேகமும் அங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். அதைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வேலை செய்துவிட்டு நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவளிடம், கண்ணை மூடி உன்னிடம் கனிவாகப் பேசு என்று மட்டும் சொல்வது போதுமா? அலுவலகங்கள் ஆளைக் குறைத்துவிட்டு, இருப்பவர்களுக்கு மன அமைதிப் பயிலரங்கு நடத்துகின்றன. எங்கள் கல்லூரி வட்டாரத்திலும் அப்படிப் பயிலரங்குகள் நடக்கின்றன. சனிக்கிழமைகளில், விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு.

தமிழில் ஏற்கெனவே பொறுத்துக்கொள், அனுசரித்துக்கொள், பார்த்துக்கொள் என்று பெண்ணைச் சுற்றி எத்தனையோ "கொள்" நிற்கின்றன. ஆற்றிக்கொள் என்பது அந்த வரிசையில் இன்னொன்றாக நின்றுவிடக் கூடாது. அதைத் தடுக்க இந்த மண்ணிடம் ஒரு சொல் இருக்கிறது: சுயமரியாதை. 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் பெயராக அது தமிழ்ப் பெண்களின் வாழ்க்கைக்குள் வந்தது. உளவியலில் சுயமதிப்பு என்று சொல்வது, நான் எவ்வளவு சாதித்தேன், மற்றவரைவிட எப்படி என்ற ஒப்பீட்டில் ஏறி இறங்கக்கூடியது. தோற்ற நாளில் அது நம்மைவிட்டுப் போய்விடும் என்பதுதான் நெஃப் வைக்கும் விமர்சனம். சுயமரியாதை அப்படிப்பட்டதல்ல. சாதித்தாலும் சாதிக்காவிட்டாலும் நீ மனுஷி, உனக்கு மரியாதை உண்டு என்கிறது அது. தற்பரிவு என் கையைப் பிடித்துக்கொள்கிறது. சுயமரியாதை, இந்த வேலையை ஏன் நான் மட்டும் செய்ய வேண்டும் என்று கேட்கச் சொல்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைக் கேட்க எனக்குத் தெம்பு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னையே "நடிக்காதே" என்று அதட்டிக்கொண்டிருந்த வரை, வீட்டிலும் துறையிலும் நான் எதையும் கேட்டதில்லை. மாத்திரையை எட்டு மாதம் எடுத்தேன். மாமியாருக்கு இரவு மருந்து கொடுப்பது என் கணவரின் வேலையானது. கோப்புகள் மூன்று பேருக்குப் பிரிந்தன. முதல் வாரம் குற்றவுணர்ச்சியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கும் ஆற்று தேவைப்பட்டது.

கனிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்று மாணவிகள் சொல்வார்கள். "திட்டிக்கிட்டாத்தான் மேம் படிக்கத் தோணுது." இதற்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். பெர்க்லியில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்டது. கடினமான ஒரு சொல்லறிவுத் தேர்வில் தோற்ற மாணவர்களில், தோல்வியைப் பரிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். அடித்தால்தான் மாடு உழும் என்று நம்பி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. வகுப்பில் ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொல்வேன். அரியர் விழுந்த அன்று உன்னிடம் நீ சொன்னதை ஒரு பக்கம் எழுது. உன் தோழிக்கு அரியர் விழுந்தால் என்ன சொல்வாய் என்பதை மறுபக்கம் எழுது. என்னிடம் காட்ட வேண்டாம். முதல் பக்கத்தை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிற பெண்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பு முடிந்தபின் என் மேசையருகே ஒரு நாற்காலி உண்டு. அது போதாது என்று தோன்றினால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். தாளால் முடியாதவை இருக்கின்றன.

போன கோடையில் அந்தக் கவிதைத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். அட்டை பழுத்திருந்தது. ஓரங்களில் என் பென்சில் கோடுகள். ஒரு கவிதையின் பக்கத்தில் "புலம்பல்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கவிதையில் எல்லாரும் தூங்கியபின் ஒருத்தி கிண்ணத்தில் எண்ணெயைக் காய்ச்சித் தன் தலையில் தானே வைத்துக்கொள்கிறாள். தேய்த்துவிடும் விரல்கள் யாருடையவை என்று ஒரு கணம் அவளுக்கே மறந்துபோகிறது. எதிர்வீட்டு அடுப்படியிலும் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் கவிதை. தன்னிடம் கனிவு இருக்கிறது. இன்னொருத்தியும் விழித்திருக்கிறாள் என்ற உணர்வு இருக்கிறது. வலியைப் பற்றி ஒரு சொல்கூட மிகையில்லை. நெஃப் சொல்லும் மூன்றும் அங்கே இருந்திருக்கின்றன, நான் புலம்பல் என்று எழுதிய இடத்தில். இருட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன், அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவில்லை.

அதைப் பார்க்கத் தெரியாத அந்த ஆய்வு மாணவியிடமும் எனக்கு இப்போது பரிவு உண்டு. கடுமையாக எழுதினால்தான் தன்னை ஆம்பளைகள் மேசையில் உட்காரவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்தப் பரிவைச் சொல்லி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட முடியாது. தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தவும் வேண்டும். "தன்னிரக்கத்தைத் தாண்டாத கவிதைகள்" என்று நான் எழுதியது பிழை. அவை ஆற்றத் தெரிந்த கவிதைகள். பழைய முகவரிக்கு இதை எழுதி அனுப்பினேன். கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. தொகுப்பை இந்த வருடம் வகுப்பில் வைத்திருக்கிறேன்.